வரேன்னுதான் சொன்னேன்

பிப்ரவரி 4

வக்கீலம்மாவுக்கு,

அண்ணி எழுதறேன். தலைவலி விட்டுதா உனக்கு? வேளாவேளைக்குச் சாப்பிடறியா, இல்லை கோர்ட்டே கதின்னு கிடக்கறியா? வாலு நல்லா இருக்கா. உன் மருமகளுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்து, பேசினா காத்துதான் வருது. எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை, வயிறுதான் எரியுது.

என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. கேட்டா, அனுப்பலையாம். நானாவே போயிட்டேனாம். எப்படி இருக்கு கதை?

எங்க லாண்ட்ரிக்கு நீ ஒரு தடவை வந்திருக்கே. ஆஸ்பத்திரி பெட்ஷீட்டெல்லாம் தேய்க்கிற அந்தப் பெரிய ரோலர் மெஷின் ஞாபகம் இருக்கா? ஒரு முனையை நான் பிடிப்பேன், மறு முனையை என் கூட்டாளி சுருட்டை பிடிப்பா, சேர்ந்து உள்ளே விடுவோம். சூடா சுத்தற உருளை துணியை இழுத்துக்கும். உருளைக்கு முன்னால ஒரு தடுப்புக் கம்பி இருக்கு. தப்பித் தவறி கை பட்டா மெஷின் அப்படியே நின்னுடும். மெஷின் அடிக்கடி நிக்குது, வேலை கெடுதுன்னு அந்தக் கம்பியை ஒயர் போட்டு மேலே தூக்கிக் கட்டிட்டாங்க. கட்டின வாரமே சுருட்டையோட வலது கை உள்ளே போச்சு. அவ போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. மூணு விரல் இனிமே மடங்காதாம்.

கம்பியை அவிழ்த்தாத்தான் மெஷின்கிட்ட போவேன்னு சொன்னேன். மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார். நாங்க வெச்ச பேரு கண்ணாடி. ஒருத்தரைத் திட்டணும்னா முதல்ல கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார். துடைச்சார். "இஷ்டம் இருந்தா நில்லு, இல்லாட்டி கிளம்பு"ன்னார். ஷிஃப்ட்டும் முடிஞ்சிருந்தது. "சரிங்க, நான் வரேன்"னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில போனா கேட்ல உள்ளே விடலை. நீதான் வேலை வேணாம்னு போயிட்டியேங்கறாங்க.

எவ்வளவு திமிர் பாரு. நீ தொழிலாளிங்க கேஸ்தானே எடுக்கறே? என்னுதையும் எடு. போன்ல பேசினா இந்த ரெண்டு ரூம் வீட்டுல எல்லாருக்கும் கேட்கும், அதான் கடிதம்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அண்ணி

---

பிப்ரவரி 15

அண்ணிக்கு,

தலைவலி விடலை. உங்க கடிதத்தைப் படிச்சதும் கூடிடுச்சு. வாலுக்கு ஒரு முத்தம் கொடுங்க. அத்தை கேட்டேன்னு சொல்லி ஏதாவது பேச வைங்க, பல்லு முளைச்சா இந்த அழகு போயிடும். அண்ணன் எப்படி இருக்கான்? முதுகுவலி தேவலையா? அவனைப் பத்தி ஒரு வரிகூட எழுதலையே, சண்டையா?

கேஸை எடுத்துட்டேன். இதைக் கேட்க வேற வேணுமா? சுருட்டை கை போன பிறகும் அந்தக் கம்பி கட்டியேதான் இருந்துதுன்னா அவங்க மனுஷங்களா? எனக்கு வர்ற கோபத்துக்கு இப்பவே பஸ் ஏறி வந்து அந்தக் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டு மிதிக்கணும் போல இருக்கு. நோட்டீஸோட நிறுத்திக்கறேன்.

எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. பழகினவங்க வந்து நைச்சியமா கேட்டாலும் போடாதீங்க. ராஜினாமான்னு நீங்க எழுதிக் கொடுக்காத வரைக்கும் நமக்குப் பலம்.

அன்னைக்கு ரூம்ல யார் யார் இருந்தாங்க? அதை மட்டும் தெளிவா எழுதுங்க.

இன்னொரு விஷயம். அண்ணன் அங்கேயே சூப்பர்வைசரா இருக்கறது நமக்கு எவ்வளவு பெரிய வசதி! அந்தக் கம்பியைப் பத்தி அவனுக்குத் தெரியாததா? கூண்டுல ஏறி அவன் நாலு வார்த்தை சொன்னாப் போதும், கண்ணாடி மூஞ்சியில ஈயாடாது. அவனைப் பேசச் சொல்லுங்க என்கிட்ட. போன் எடுக்கவே மாட்டேங்கறான்.

நீங்க தைரியமா இருங்க. சாப்பிடாம கிடக்காதீங்க.

நாத்தனார்

---

மார்ச் 3

வக்கீலம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ கேஸை எடுத்தேன்னதும் சுருட்டை கட்டுப் போட்ட கையோட கும்பிட்டா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வாலு நல்லா இருக்கா. உங்கண்ணன் இருக்கார்.

யார் யார் இருந்தாங்கன்னு கேட்டிருந்தே. கண்ணாடி இருந்தார், நான் இருந்தேன். கதவுகிட்ட இன்னொரு ஆள் நின்னுட்டிருந்தார். அந்த ஆளை விடு, அவரால நமக்கு ஆகப்போறது ஒண்ணும் இல்லை.

வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்கறது என்னால முடியலை. சுவரைத் தேய்க்கறேன், பாத்திரத்தைத் தேய்க்கறேன். வாலு, "அம்மா, என்னையும் தேய்ச்சிடாதே"ங்கறா. சிரிப்பு வருது, உடனே ஆத்திரமும் வருது. பதினோரு வருஷமா அந்த மெஷினோட மாரடிச்சிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயைத் திறந்தேன். அதுக்கே நானா போயிட்டேனாம்!

இனிமே எழுதினா சுருட்டை வீட்டு விலாசத்துக்கு எழுது. கீழே கொடுத்திருக்கேன். இங்கே தபால் ஒழுங்கா கைக்கு வர்றதில்லை.

கண்ணை ஒரு டாக்டர்கிட்ட காட்டு. தலைவலி அதனாலகூட இருக்கும்.

அண்ணி

---

ஏப்ரல் 19

அண்ணிக்கு,

நீங்க சொன்ன மாதிரி கண்ணைக் காட்டினேன். நானும் இப்போ கண்ணாடி போட்டாச்சு, ஆனா யாரையும் திட்டறதுக்கு முன்னால துடைக்கறதில்லை. உங்களுக்குத் தூக்கம் வருதா? வாலுக்குப் பல்லு எட்டிப் பார்க்குதா?

சமரசப் பேச்சு ஒண்ணும் ஆகலை. நீங்களும் பார்த்தீங்களே, அவங்க வக்கீல் வாட்சைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்ததை. இப்போ கேஸ் தொழிலாளர் கோர்ட்டுக்கு வந்தாச்சு. அவங்க பதில் மனுவும் கையில கிடைச்சுது. படிச்சிட்டு மேஜையை ஓங்கித் தட்டினேன், எங்க சீனியர் வக்கீல் எழுந்து வந்துட்டார்.

என்ன போட்டிருக்காங்கன்னு கேளுங்க. உங்களை யாருமே போகச் சொல்லலையாம். கம்பி கட்டவே இல்லையாம். நீங்கதான் கோபத்துல "நான் போறேன்"னு சொல்லிட்டு வேலையை விட்டுட்டீங்களாம். மறுநாள் கேட்டுக்கு வரவே இல்லையாம். வாட்ச்மேனும் பார்க்கலைன்னு சொல்றாராம். "நான் போறேன்"ங்கறதைச் சொல்லும்போது ஒரு சூப்பர்வைசர் பக்கத்துலயே இருந்து காதால கேட்டாராம்.

எழுத்துல ராஜினாமா இல்லைன்னு நான் வாதாடுவேன். ஆனா வாயால சொல்லிட்டுப் போய்த் திரும்பியே வரலைன்னு ஒரு சாட்சி அடிச்சுச் சொன்னா, கொஞ்சம் கஷ்டம்தான். அதனால நல்லா யோசிச்சு எழுதுங்க. அன்னைக்கு நீங்க சொன்னது எந்த வார்த்தை? அந்தச் சூப்பர்வைசர் யாரு? போன கடிதத்துல ஏன் மழுப்பினீங்க? அண்ணன் ஏன் என் பேரைப் பார்த்ததும் போனைக் கட் பண்றான்?

எதையும் மறைக்காதீங்க அண்ணி. வக்கீல்கிட்ட மறைச்சா நான் கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் நடக்கணும்.

உடனே பதில் போடுங்க.

நாத்தனார்

---

மே 22

அண்ணிக்கு,

நலமா இருக்கீங்கன்னே வெச்சுக்கறேன், நீங்க சொன்னாத்தானே தெரியும்.

ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. சுருட்டை வீட்டுப் போன்ல கூப்பிட்டா "அக்கா இப்பத்தான் போனாங்க"ங்கறா. எத்தனை தடவை "இப்பத்தான்"? எனக்கு நிஜமாவே கோபம் வருது. உங்களுக்காகத்தானே கத்தறேன் இங்கே? அந்த மூணாவது ஆள் யாருன்னு இந்த வாரத்துக்குள்ள எழுதுங்க. இல்லைன்னா வேற வக்கீலைப் பார்த்துக்குங்க. விளையாட்டுக்குச் சொல்லலை.

வாலுக்கு என் அன்பு.

நாத்தனார்

---

மே 30

வக்கீலம்மா,

உடம்பு எப்படி இருக்குன்னு கேட்கற நிலைமையில நான் இல்லை. நல்லா இரு.

மூணாவது ஆள் உங்கண்ணன். போதுமா?

என் புருஷன்தான் கதவுகிட்ட நின்னார். "கிளம்பு"ன்னு கண்ணாடி சொன்னப்போ தரையைப் பார்த்துட்டு நின்னார். இன்னும் ஒண்ணு கேட்டுக்கோ. அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டின கை யாரோடதுன்னு நினைக்கறே? ஸ்டூல் போட்டு ஏறி, ஒயரை முறுக்கி, பல்லால கடிச்சு அறுத்தார். நான் கீழே நின்னு, "வேணாங்க, யாருக்காவது கை போயிடும்"னு சொன்னேன். "மேலே சொல்றதைத்தான் செய்யறேன், நீ உன் வேலையைப் பாரு"ன்னார். அடுத்த வாரம் சுருட்டை கை போச்சு.

இப்போ கண்ணாடி அவர்கிட்ட தெளிவா சொல்லிட்டாராம். ஒண்ணு, உன் பொண்டாட்டி தானா போனான்னு சொல்லு. இல்லை, கம்பியைக் கட்டினது நீதான்னு நாங்க சொல்லுவோம். இவர் எதை எடுத்துக்கிட்டார்னு உனக்குத் தெரியும். "எல்லாம் நமக்காகத்தான் பண்றேன். ரெண்டு பேருக்கும் வேலை போனா வாலுவை யார் பார்க்கறது?"ன்னு என்கிட்டயே சொல்றார். நமக்காகவாம்! சுருட்டை யாருக்காகக் கையைக் கொடுத்தா?

ஏன் மறைச்சேன்னு கேட்பே. உன் கூடப் பொறந்தவன் எதிர்ல நிக்கறான்னு தெரிஞ்சா நீ கேஸை விட்டுடுவியோன்னு பயந்தேன். பயந்தது தப்புன்னு இப்பவும் நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம், எந்த வார்த்தை சொன்னேன்னு கேட்டிருந்தியே, அதுதான் எனக்கு ரொம்ப எரிஞ்சுது. நான் "போறேன்"னா சொல்லுவேன்? கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டு, உங்கம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது உனக்கு மறந்து போச்சா? உங்க வீட்டுல நாய்கூட அப்படிச் சொல்லிட்டுப் போகாது. வரேன்னுதான் சொன்னேன். திரும்பி வர்றதுக்குத்தான் சொன்னேன்.

அண்ணி

---

ஜூன் 14

அண்ணிக்கு,

உடம்பு நல்லாத்தான் இருக்கு, மனசுதான் கலங்கிப் போச்சு. நீங்க எப்படி ஒரே வீட்டுல அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க?

உங்க மேலயும் கோபம் இருக்கு, முன்னாலேயே சொல்லியிருக்கணும். அவன் மேல இருக்கறதைச் சொல்ல வார்த்தை இல்லை.

அவன் போன வாரம் இங்கே ஆபீஸுக்கு வந்தான். சீனியர் முன்னாலேயே அழுதான் அண்ணி. "என்னைக் கூண்டுல ஏத்தி அசிங்கப்படுத்தப் போறியா? உன்னைப் படிக்க வெச்சது யாரு?"ன்னு கேட்டான். அது உண்மைதானே. அப்பா போனப்புறம் அவன் சம்பளத்துலதான் நான் கறுப்புக் கோட்டுப் போட்டேன்.

சீனியர், "குறுக்கு விசாரணையை நான் பார்த்துக்கறேன், நீ ஒதுங்கிக்கோ"ங்கறார். அவங்க வக்கீலும் இப்போ இறங்கி வர்றார். நீங்களா ராஜினாமா பண்ணின மாதிரி ஒரு காகிதத்துல எழுதிக் கொடுத்தா ஒரு தொகையும், நல்லபடியா ஒரு சர்ட்டிஃபிகேட்டும் தர்றாங்களாம். வேற லாண்ட்ரியில சுலபமா சேர்ந்துக்கலாம். யார் பேரும் கெடாது, யாரும் கூண்டுல ஏற வேணாம். சட்டப்படியும் இது ஒண்ணும் மோசமான முடிவு இல்லை. யோசிச்சுப் பாருங்கன்னுதான் சொல்றேன், வற்புறுத்தலை.

வாலு எப்படி இருக்கா? வீட்டுல நடக்கறது அவளுக்குத் தெரியுமா?

நாத்தனார்

---

ஜூன் 20

வக்கீலம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

பிப்ரவரியில எனக்கு என்ன எழுதினே? எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க, பழகினவங்க வந்து நைச்சியமா கேட்டாலும் போடாதீங்கன்னு எழுதினே. இப்போ நைச்சியமா கேட்கறது யாரு? கண்ணாடி கேட்டா மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருப்பேன். நீயே கேட்கறியே, உன்னை நான் என்ன சொல்லித் திட்டறது?

யார் பேரும் கெடாதாம். என் பேரு? தானா போனவன்னு எழுதிக் கொடுத்தா அந்தக் கம்பி எப்பவும் கட்டினபடியே தொங்கும். இப்போ என் இடத்துல ஒரு சின்னப் பொண்ணு நிக்கறா. முடியைக்கூட ஒழுங்கா முடியத் தெரியலை, பின்னல் உருளைப் பக்கம் போகுதுன்னு சுருட்டை சொல்றா. சுருட்டை இப்போ ரவிக்கைக் கொக்கி போட வாலுவைக் கூப்பிடறா. வந்து பாரு ஒரு நாள்.

உன்னைப் படிக்க வெச்சது உங்கண்ணன்தான், நான் இல்லைங்கலை. அந்தச் சம்பளத்துல வீடு ஓடணுமேன்னு இந்த மெஷின்கிட்ட வந்து நின்னது யாரு? அதை அவரும் சொல்லலை, உனக்கும் தோணலை. தோண வேண்டாம், அதுக்காக நான் கேட்கலை.

நீ எனக்கு வக்கீலா, உங்கண்ணனுக்குத் தங்கச்சியா? முடிவு பண்ணிட்டு எழுது. வக்கீல்தான்னா சீனியரைக் கேட்க விடாதே. சீனியர் கேட்டா அந்த ஆளுக்கு வேத்து மனுஷன்கிட்ட பொய் சொல்ற மாதிரிதான் இருக்கும், சுலபமா சொல்லிட்டு இறங்கிடுவார். நீ கேளு. உன் கண்ணைப் பார்த்துச் சொல்லட்டும்.

அண்ணி

---

ஜூலை 1

அண்ணிக்கு,

திட்டினதுக்கு நன்றி. தேவைதான் எனக்கு.

வக்கீல்.

நானே கேட்கறேன். அவங்க சாட்சி செப்டம்பர் எட்டாம் தேதி. உங்க சாட்சியம் அடுத்த மாசமே வருது, அதுக்கு மட்டும் தவறாம வந்துடுங்க. சுருட்டையையும் கூட்டிக்கிட்டு வாங்க.

உடம்பைக் கவனிங்க. வாலுவைக் கொக்கி மாட்டினதுக்கு நான் மெச்சினேன்னு சொல்லுங்க.

உங்க வக்கீல்

---

செப்டம்பர் 2

வக்கீலம்மாவுக்கு,

நாங்க பத்திரமா ஊர் வந்து சேர்ந்தோம். சுருட்டை கோர்ட்டுல கையை நீட்டிக் காட்டினப்போ அந்த டைப் அடிக்கிற பொண்ணு கையை நிறுத்திட்டுப் பார்த்துச்சே, அதையே வழியெல்லாம் சொல்லிட்டு வந்தா. உனக்கு ஜலதோஷம் மாதிரி இருந்தது, வெந்நீர் குடி.

எட்டாம் தேதி நான் வரலை. பயந்துக்கிட்டு இல்லை. அந்த ஆளைக் கூண்டுல பார்த்தா எனக்குப் பாவம்னு தோணிடும். பதிமூணு வருஷம் கூட இருந்த பாழாப்போன மனசு, அப்படித்தான் தோணும். தோணக்கூடாது.

நடந்ததை அப்படியே எழுது. எனக்காக எதையும் மாத்தாதே.

அண்ணி

---

செப்டம்பர் 9

அண்ணிக்கு,

ஜலதோஷம் போச்சு, தொண்டை மட்டும் கட்டியிருக்கு. அது நேத்துக் கத்தினதால. நீங்க வராதது நல்லதுக்குத்தான். நடந்ததை அப்படியே எழுதறேன்.

நான் வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்திருந்தான். அதைப் பார்த்ததுமே எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. சத்தியம் பண்ணினான். "மனுதாரர் என்ன சொன்னார்?"னு கேட்டேன். "நான் போறேன்னு சொன்னாங்க"ன்னான். வரேன்னு சொல்லலையா? இல்லை. நல்லா ஞாபகம் இருக்கா? இருக்கு. கம்பி கட்டியிருந்துதா? எனக்குத் தெரிஞ்சு இல்லை. ஸ்டூல் போட்டு ஏறினது யாரு? தெரியாது. எல்லாத்துக்கும் என்னை "மேடம்"னு கூப்பிட்டுப் பதில் சொன்னான். பாடம் பண்ணிக்கிட்டு வந்திருந்தான், ஒரு இடத்துலயும் தடுமாறலை. வாட்ச்மேனைப் பத்திக் கேட்டேன், சுருட்டை கையைப் பத்திக் கேட்டேன். குரலை உயர்த்திட்டேன்னு நீதிபதி அம்மா ரெண்டு தடவை என்னை அடக்கினாங்க. எங்கம்மா நமக்குச் சொல்லிக் கொடுத்ததைக் கேட்கலாம்னு வாய் வரைக்கும் வந்துது. அழுதுடுவேன்னு பயந்து கேட்கலை. கடைசியில "வேற கேள்வி இல்லை"ன்னு உட்கார்ந்துட்டேன். தோத்துட்டேன்னுதான் நினைச்சேன்.

நீதிபதி அம்மா ஏதோ எழுதிக்கிட்டே, "சரி, நீங்க இறங்கலாம்"னாங்க. இவன் கூண்டுலேருந்து ஒரு காலைக் கீழே வெச்சான். அவங்களைப் பார்த்துக் கும்பிட்டான். எப்பவும் சொல்ற மாதிரி, ரொம்பப் பணிவா, "அப்போ நான் வரேம்மா"ன்னான்.

அவங்க எழுதறதை நிறுத்தினாங்க. "எங்கே வர்றீங்க? இன்னொரு தேதிக்குக் கூப்பிட்டிருக்காங்களா?"

"இல்லைம்மா. கிளம்பறேன்னு சொன்னேன்."

"கிளம்பறவர் போறேன்னுதானே சொல்லணும்?"

இவனுக்கு இன்னும் உறைக்கலை அண்ணி! பெரியவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சிரிச்சுக்கிட்டே சொல்றான்: "அப்படிச் சொல்லக்கூடாதும்மா, நல்லதில்லை. எங்க வீட்டுல யாருமே அப்படிச் சொல்ல மாட்டோம். எங்கம்மா அடிச்சே வளர்த்தாங்க."

"யாருமேன்னா? உங்க மனைவியுமா?"

வாயைத் திறந்தான். அப்போதான் புரிஞ்சுது அவனுக்கு. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, அப்படியே நின்னான். அவங்க வக்கீல் துள்ளி எழுந்து, "இது சாட்சியத்துல சேராது, விசாரணை முடிஞ்சிடுச்சு"ன்னார். "சாட்சி இன்னும் முழுசா இறங்கலையே"ன்னாங்க நீதிபதி அம்மா. அந்த டைப் பொண்ணைப் பார்த்து, "வரேம்மாங்கறதுலேருந்து ஒண்ணு விடாம அடிச்சுக்கோ"ன்னாங்க. "பதில் சொல்லுங்க. உங்க மனைவி போறேன்னு சொல்லுவாங்களா?"

கீழே வெச்ச காலைத் திரும்ப மேலே எடுத்துக்கிட்டு, "சொல்ல மாட்டா"ன்னான்.

"அன்னைக்கு?"

"வரேன்னுதான் சொன்னா."

அப்புறம் அவங்களே கம்பியைப் பத்திக் கேட்டாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னான். ஸ்டூல், ஒயர், கண்ணாடி மிரட்டினது, எல்லாமே. ஒண்ணு விடலை.

பின்னால உட்கார்ந்திருந்தவங்க சிரிச்சாங்க. சீனியர் என் முதுகுல தட்டினார். எனக்குச் சந்தோஷமே வரலை. எரிச்சலாத்தான் வந்துது. நான் கேட்டப்போ கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னான். பழக்கதோஷம் மட்டும் காலை வாரலைன்னா அந்தப் பொய்யோடயே இறங்கி வீட்டுக்கு வந்து, உங்க கையால சாப்பிட்டிருப்பான். வராந்தாவுல என்னைப் பார்த்து, "உனக்கு இப்போ திருப்தியா?"ன்னான். வாழ்க்கையில முதல் தடவையா அவன் கேட்டு நான் பதில் சொல்லாம வந்தேன்.

தீர்ப்புக்குத் தேதி போடுவாங்க. நீங்க என்ன பண்றீங்க? எப்படி இருக்கீங்க? ரெண்டு வரியாவது எழுதுங்க.

உங்க வக்கீல்

---

டிசம்பர் 11

வக்கீலம்மாவுக்கு,

நீ நல்லா இருக்கணும். உன் தொண்டை, தலை, கண்ணு எல்லாமே நல்லா இருக்கணும். இத்தனை நாள் எழுதாததுக்குத் திட்டாதே. எழுதறதுக்கு ஒரு முடிவு வேணும்னு இருந்தேன்.

தீர்ப்பு நகலை எடுத்துக்கிட்டுத் திங்கள்கிழமை கேட்டுக்குப் போனேன். என்னைப் பார்க்கலைன்னு சொன்ன அதே வாட்ச்மேன், "வாங்கக்கா"ன்னு கதவைத் திறந்தான். "இப்போ கண்ணு தெரியுதா?"ன்னேன். தலையைச் சொறிஞ்சான். கண்ணாடியை வேற கிளைக்கு மாத்திட்டாங்களாம். அனுப்பலை பாரு, மாத்தியிருக்காங்க. அதுக்கு இன்னும் எனக்கு எரியுது.

முதல் வேலையா ஸ்டூலைப் போட்டு நானே ஏறினேன். ஒயரை அறுத்தேன். கம்பி தடார்னு கீழே விழுந்துது. அந்தச் சின்னப் பொண்ணு பயந்துட்டா. அவ பின்னலை எடுத்து உச்சியில கொண்டை போட்டுவிட்டேன். அன்னைக்குப் பூரா மெஷின் நின்னு நின்னுதான் ஓடிச்சு. நிக்கட்டும்னு நானும் நின்னேன். சுருட்டை மடிக்கிற இடத்துல உட்கார்ந்து இடது கையால தாளம் போட்டா. அவளுக்கான கேஸை எப்போ ஆரம்பிக்கறே? விட்டுடாதே.

இனி வீட்டு விஷயம்.

தீர்ப்பு வந்த அன்னைக்கு உங்கண்ணன், "எப்படியோ எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, இனிமே அதைப் பேசாதே"ன்னார். எப்படியோவா? அவரை வேலையை விட்டு அனுப்பலை, துவைக்கிற பக்கம் சாதா ஆளா போட்டிருக்காங்க. நான் கண்ணாடி மேல கத்தின மாதிரி அவர் மேல கத்தலாம்னு பார்த்தேன். கத்தறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லை. வேலை போயிடுமேன்னு பயந்து பொய் சொன்னார்ங்கறதைக்கூட என்னிக்காவது மன்னிச்சிருப்பேனோ என்னமோ. மாசக்கணக்கா எதிர்ல உட்கார்ந்து நான் போட்ட சோத்தைச் சாப்பிட்டுக்கிட்டே, "நீ போறேன்னுதான்டி சொன்னே, உனக்குத்தான் ஞாபகமில்லை"ன்னு என்கிட்டயே சாதிச்சாரே, அதை உனக்கு நான் எழுதலை. ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துது. சொல்லிட்டேனோன்னு. அதை மட்டும் என்னால மன்னிக்க முடியாது.

சுருட்டை வீட்டுக்குப் பின்னால ஒரு ரூம் காலியா இருக்கு. ஜன்னல் சின்னது, ஆனா காத்து வருது. நேத்துக் காலையில ரெண்டு பையில துணியை எடுத்து வெச்சேன். உங்கண்ணன் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிட்டிருந்தார். செருப்பை மாட்டிக்கிட்டே, "காலங்காத்தால எங்கே? சாயங்காலம் வந்துடுவே இல்லை?"ன்னார்.

வாசப்படியைத் தாண்டி நின்னு திரும்பிப் பார்த்தேன். கோர்ட்டுல சத்தியம் பண்ணி என் வாயில போட்டாரே, அந்த வார்த்தையை எடுத்து அவருக்கே கொடுத்தேன்.

"நான் போறேன்"னேன்.

ஒரு செருப்போட நின்னார். அவருக்குப் புரிஞ்சுது.

நீ என்னை எப்பவும் போல அண்ணின்னே கூப்பிடு. அதை நான் விட்டுக் கொடுக்கலை.

வாலுவுக்குப் பல்லு முளைச்சுடுச்சு, இப்போ வார்த்தையெல்லாம் தெளிவா வருது. என் கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினவ, பாதியில திரும்பி, பழக்கத்துல "வரேன்ப்பா"ன்னு கத்தினா. நான் திருத்தலை.

அண்ணி